ஜாக் தேய்ந்தால் ஆம்ப் செத்துவிட்டதா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1986-ல் 2,200 ரூபாய்க்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறீர்கள். வருஷத்துக்கு 15% வீதம், குறைந்து செல் மதிப்பு முறையில் தேய்மானம் போடுகிறீர்கள். (காமர்ஸ் படிக்காத புண்ணியவான்களுக்கு: ஒவ்வொரு வருஷமும் மிச்சம் இருக்கிற மதிப்பில் 15% கழித்துக்கொண்டே வருவது.) 38 வருஷம் கழித்து அதன் மதிப்பு என்ன? கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். 4 ரூபாய் 57 காசு. ஒரு டீ கூட வராது.

அந்த 4 ரூபாய் 57 காசு சாமானைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிலும் முழு ஆம்ப்பைப் பற்றி இல்லை. அதன் முகப்பில் கிடார் ஒயரைச் செருகுகிற ஓட்டை இருக்கிறதே, அந்த இன்புட் ஜாக்கைப் பற்றி. "இதைப் பற்றி எழுத என்னடா இருக்கு?" என்று கேட்கும் வகுப்புத் தோழர்கள் கொஞ்சம் பொறுமை காக்கவும். ஒரு மனுஷன் ஆறு வருஷம் கிடார் வாசிக்காமல் இருந்ததற்கு இந்த ஓட்டைதான் காரணம்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். சொந்த மாமா இல்லை, தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். பகலில் பட்டுத்தறி. ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் கிடார். இது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும். ஆடி மாசம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், தேர்தல் முடிந்தால் வெற்றி விழா என்று சுற்றியவர். இளையராஜா பாட்டு இல்லாமல் மேடை ஏற முடியாத காலம் அது. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த பிறகு, 'இளைய நிலா' பாட்டின் கிடாரை வாசிக்கத் தெரியாதவனைக் குழுவில் சேர்க்கவே மாட்டார்களாம். "அதான்டா எங்களுக்கு பரீட்சை" என்பார்.

அவருடைய ஆம்ப் எந்தக் கம்பெனியும் செய்தது இல்லை. சென்னையில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, பலகையில் பெட்டி அடித்து, தகரத்தில் சேசிஸ் வளைத்து அசெம்பிள் செய்து கொடுத்தது. பின்பக்கம் தொப்பி மாதிரி இரண்டு 2என்3055 டிரான்சிஸ்டர்கள். அந்தக் காலத்து ஆம்ப்களில் எங்கே பார்த்தாலும் அதுதான் இருக்கும். முகப்பில் இரண்டு ஓட்டை. ஒன்றின் மேல் 'மைக்', இன்னொன்றின் மேல் 'கிடார்' என்று பெயின்டில் எழுதியிருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒயரைத் தொட்டால் சத்தம் வரும், விட்டால் போகும். நடுநடுவே "உர்ர்ர்" என்று ஒரு இரைச்சல். ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு, இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். புதுசு 14,000 ரூபாய். தறி வேலை டல்லடித்த நேரம். மாமா ஆம்ப்பைப் பரணில் ஏற்றினார். கிடாரை உறையில் போட்டு அதன் பக்கத்திலேயே சாய்த்தார். அதோடு சரி.

இந்த வருஷம் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று பரணைக் காலி செய்தார்கள். காயலான் கடைக்காரர் ஆம்ப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு 450 ரூபாய் என்றார். உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரின் செம்புக்கு அந்த விலை. "மாமா, ஒரு வாரம் என்கிட்ட குடுங்க. சரியாகலன்னா நானே கொண்டுபோய் போட்டுட்டு காசு வாங்கிட்டு வரேன்" என்றேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே எங்கள் தெரு ரேடியோ கடையில் உட்கார்ந்து சால்டரிங் பழகியவன் நான். அந்த தைரியம்தான்.

"என்னமோ பண்ணு. எடுத்துனு போ" என்றார். முகத்தில் பெரிய நம்பிக்கை இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் செய்தது மிகச் சாதாரண சோதனை. 'கிடார்' ஓட்டையில் செருகினேன். அதே உர்ர்ர், அதே வந்து வந்து போகிற சத்தம். அதே ஒயரை எடுத்து 'மைக்' ஓட்டையில் செருகினேன். சத்தம் வந்தது! கொஞ்சம் மந்தமாக, ஓரம் மழுங்கிய மாதிரி. ஆனால் விட்டு விட்டு இல்லாமல் நிலையாக வந்தது. மைக்குக்கான வாசல் கிடாருக்குச் சரிப்படாது, அதனால் அந்த மந்தம். அது போகட்டும். இந்த வாசல் வழியாகப் போனால் வீட்டுக்குள் விளக்கெல்லாம் எரிகிறது என்றால், வீட்டில் கோளாறு இல்லை. அந்த இன்னொரு வாசலில்தான் கோளாறு. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. மீட்டர் கூட எடுக்கவில்லை.

இனி இந்த ஜாக் என்ன சாமான் என்று பார்ப்போம். இதற்குப் பிறந்த வீடு சங்கீதமே இல்லை, டெலிபோன். 1870களின் கடைசியில் அமெரிக்காவில் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் வந்தபோது, ஒரு வீட்டு லைனை இன்னொரு வீட்டு லைனோடு ஆபரேட்டர் கையால் சேர்த்துவிட வேண்டியிருந்தது. அதற்காக வந்தவை இந்தச் செருகுகளும் ஓட்டைகளும். நம் மதராஸில் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882-ல். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகுவார்களே, அதேதான். கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். அந்தக் கால் அங்குலம் கிட்டத்தட்ட 150 வருஷம் கழித்தும் நம் கிடாரில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு முறை செருகிப் பிடுங்குவதற்காகவே யோசித்துச் செய்த பொருள் என்பதால்தான் இத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது.

உள்ளே இருப்பது மிகக் கொஞ்சம். நாம் செருகுகிற பிளக்கின் உடம்பு ஜாக்கின் கழுத்தைத் தொடும், அது கிரவுண்டு. பிளக்கின் நுனியை ஒரு வளைந்த ஸ்பிரிங் தகடு வந்து அமுக்கிப் பிடிக்கும், அதன் வழியாகத்தான் கிடாரின் சத்தம் உள்ளே போகிறது. சில ஜாக்குகளில் மூன்றாவதாக இன்னொரு தகடு உண்டு. பிளக் செருகாதபோது இது ஸ்பிரிங் தகட்டைத் தொட்டுக்கொண்டு இன்புட்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும். அதனால் ஒயர் இல்லாமல் ஆம்ப் போட்டாலும் இரையாது. பிளக்கைச் செருகினால் தானே விலகிக்கொள்ளும். மொத்தம் அவ்வளவுதான்.

இது பழுதாவதற்கு மூன்று வழி.

ஒன்று, ஸ்பிரிங் சோர்ந்து போவது. மேடையில் யாராவது ஒயரை மிதித்தால் அந்த இழுப்பு எல்லாம் இந்தத் தகட்டின் மேல்தான் விழும்.

இரண்டு, கழுத்து நட் லூசாவது. நட் லூசானால் பிளக்கைத் திருகும்போதெல்லாம் ஜாக்கும் கூடவே சுற்றும், உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு சால்டரிங் விட்டுப்போகும். இந்த மாதிரி ஆம்ப்களில் கிரவுண்டு சேசிஸ் வழியாகத்தான் கிடைக்கும் என்பதால், நட் லூசானாலே கிரவுண்டும் ஆட்டம் காணும். அந்த உர்ர்ர் அங்கிருந்து வருவதுதான்.

மூன்று, அழுக்கும் களிம்பும். இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. நம் வீட்டு ஃபேன் சுவிட்ச் உள்ளே கறுத்துப் போயிருந்தாலும் வேலை செய்யும். 230 வோல்ட் அந்த மெல்லிய படலத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடும். கிடாரிலிருந்து வருவதோ ஏதோ 100 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடார் இன்புட்டின் தடை சாதாரணமாக 1 மெகா ஓம். வகுத்துப் பாருங்கள், 0.1 மைக்ரோ ஆம்பியர். இத்தனை ஒல்லியான மின்சாரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத களிம்பே பெரிய சுவர். சாதாரண சுவிட்சில் பத்து வருஷம் ஒன்றும் செய்யாத அழுக்கு, இங்கே சத்தத்தையே நிறுத்திவிடும்.

மாமாவின் ஜாக்கில் மூன்றும் இருந்தன. :-)

பிரிப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து இதைத் தாண்டிக்கொண்டு படிக்காதீர்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பிடுங்கினாலும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர்கள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மாமாவுடையது போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் சில பத்து வோல்ட்கள்தான். உள்ளே கண்ணாடி வால்வு இருக்கிற ஆம்ப் என்றால் 300, 400 வோல்ட் கூட இருக்கும், ஆளைக் கொன்றுவிடும். வால்வு ஆம்ப்பைப் பழக்கம் இல்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். நான் மீட்டரை வைத்து பூஜ்யம் காட்டுகிற வரை காத்திருந்துதான் கை வைத்தேன்.

ஜாக்கைக் கழற்றி மாமா வீட்டுக்கே எடுத்துப் போனேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தகட்டின் நுனியில் பிளக் உரசி உரசி ஒரு பள்ளமே விழுந்திருந்தது. "ஜரிகை கறுத்த மாதிரி கறுத்துப்போச்சே" என்றார்.

அவரிடம் இரண்டு வழியையும் சொன்னேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு காகிதத் துண்டை நனைத்துத் தகடுகளுக்கு நடுவில் விட்டுத் தேய்த்து எடுத்தால் களிம்பு போய்விடும். (உப்புத்தாள் போடக் கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் இன்னும் சீக்கிரம் கறுக்கும்.) பிறகு தகட்டை மெதுவாக உள்பக்கம் வளைத்துவிட்டால் பிடி வரும். செலவு இல்லை, பழைய ஜாக் அப்படியே இருக்கும். ஆனால் ஒருமுறை சோர்ந்த தகடு மறுபடியும் சோரும், வளைக்க வளைக்க ஒருநாள் ஒடியும். இன்னொரு வழி, புது ஜாக் போடுவது.

வெளிநாட்டில் இது ஒரு பெரிய தர்மசங்கடம். ஐம்பதுகளில் வந்த பிரபல ஆம்ப்களில் ஒரு ஒரிஜினல் ஜாக்கை மாற்றினாலும் விலை குறையும் என்று சேகரிப்பாளர்கள் பயப்படுவார்கள். பழைய சால்டரிங் புள்ளியைக் கூடத் தொட விடமாட்டார்கள். மாமாவின் ஆம்ப்புக்கு அந்தக் கவலை இல்லை. பேர் இல்லாத ஆம்ப்பை யார் சேகரிக்கப் போகிறார்கள்? ஆனாலும் அவருக்கு அது முதல் ஆம்ப். எங்கே, பழசையே வைக்கச் சொல்வாரோ என்று நினைத்தேன்.

"நாடா தேஞ்சா வேற நாடா வாங்குறோம். பண்ணை போச்சுன்னா பண்ணைய மாத்துறோம். அதுக்காகத் தறியத் தூக்கிப் போட்டோமா, இல்ல பழைய நாடாவையே வச்சினு அழுதோமா? புதுசே போடுறா" என்றார்.

வேலை முடிந்தது. :-)

அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அங்கே ஜாக் கேட்டால் முதலில் நீட்டுவது பிளாஸ்டிக் மூடி போட்டது. வேண்டாம் என்று சொல்லி, தகடுகள் வெளியே தெரிகிற திறந்த வகையாகப் பார்த்து வாங்கினேன். காரணம் எளிது. திறந்திருந்தால் பத்து வருஷம் கழித்தும் துடைக்கலாம், வளைக்கலாம். மூடியிருந்தால் தூக்கிப் போடத்தான் முடியும். ஒன்று 35 ரூபாய், இரண்டு வாங்கினேன். ஆல்கஹால், ஈயம் எல்லாம் சேர்த்து 190 ரூபாய். ரயில் டிக்கெட்டும் டீயும் என் கணக்கு.

மாட்டுவதில் கவனிக்க வேண்டியவை சில. பழைய ஜாக்கில் எந்த ஒயர் எந்தக் காலில் இருந்தது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கால் ஜாக்கில் இரண்டு ஒயரை மாற்றிவிட்டால் செருகியதும் சத்தம் அடங்கிவிடும், ஏதோ பெரிதாகப் போய்விட்டது என்று பயந்துவிடுவீர்கள். நட்டுக்கு அடியில் பல் வைத்த ஸ்டார் வாஷர் கட்டாயம் வேண்டும். அந்தப் பல் சேசிஸைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் ஜாக் சுற்றாது, கிரவுண்டும் உறுதியாக இருக்கும். மாமாவின் ஆம்ப்பில் அந்த வாஷரே இல்லை! ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு சால்டரிங் வைத்தேன். மொத்தம் முக்கால் மணி நேரம்.

ஆனால் உள்ளே திறந்தபோது ஜாக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. கரண்ட் ஒயர் இரண்டு பின் வகை, எர்த் இல்லவே இல்லை. கிடாரின் கம்பிகள் ஜாக்கின் கிரவுண்டு வழியாக ஆம்ப்பின் சேசிஸோடு சேர்ந்தவை. உள்ளே எங்காவது கரண்ட் கசிந்து சேசிஸைத் தொட்டால், வாசிக்கிறவர் விரல் நேராகக் கரண்டில். பிரிட்டனில் 1972-ல் லெஸ் ஹார்வி என்கிற கிடார் கலைஞர், கையில் கிடாரோடு, சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்திருக்கிறார். மாமா இந்த ஆம்ப்பை மழை ஈரத்தில் செருப்பில்லாமல் நின்றுகூட வாசித்திருக்கிறார். நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து மூன்று பின் ஒயர் போட்டு, சேசிஸை எர்த்தோடு சேர்த்த பிறகுதான் ஆம்ப்பைத் திருப்பிக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் பழைய ஆம்ப் இருந்தால் ஜாக்கை அப்புறம் பாருங்கள், இதை முதலில் பாருங்கள்.

இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருகிறேன். :-)

இந்த 190 ரூபாயை எங்கே எழுதுவீர்கள்? பழுதுபார்ப்புச் செலவு, வருவாயினச் செலவு, லாப நட்டக் கணக்கில் பற்று. சொத்தின் மதிப்பு ஒரு பைசா கூடாது. எல்லாம் சரி. முதல் வருஷத்திலேயே படித்தாகிவிட்டது. ஆனால் அந்தக் கடையில் சொன்ன "போர்டு போயிடுச்சு" என்கிற ஒரு வாக்கியத்தின் செலவை எங்கே எழுதுவது? அதற்குத் தலைப்பே கிடையாது. ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் மாமாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் இறந்துவிட்டார். கடைசியாக ஒருமுறை சேர்ந்து வாசிக்கலாம் என்று அவர் இரண்டு தடவை ஆள் அனுப்பினாராம். "ஆம்ப் இல்லடா" என்று மாமா சொல்லி அனுப்பிவிட்டாராம். இதை அவர் என்னிடம் சொன்னது ஆம்ப் சரியான பிறகுதான்.

கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பழைய சாமானைப் பார்த்ததும் அதன் வயசை வைத்தே தீர்ப்பு சொல்வது எல்லோருக்கும் இருக்கிற பழக்கம். நம் தேய்மானக் கணக்கும் அதைத்தான் செய்கிறது. வருஷத்தை எண்ணி முழு சாமானையும் ஒரே மாதிரி தேய்க்கிறது. நிஜத்தில் சாமான் அப்படித் தேய்வதில்லை. 38 வருஷத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் தேயவில்லை, ஸ்பீக்கர் தேயவில்லை, 2என்3055 தேயவில்லை. தினமும் கை படுகிற ஒரு தகடு தேய்ந்தது. தேய வேண்டியதும் அதுதான். அதனால்தான் அதை நட் போட்டுக் கழற்றுகிற மாதிரி வைத்தார்கள்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஒருவர் உண்டு, அவரும் நம் ஜாதி. அதாவது, கணக்கு எழுதுகிற ஜாதி. :-) எலக்ட்ரிக் கிடார் என்றாலே நினைவுக்கு வருகிற லியோ ஃபெண்டர் கல்லூரியில் படித்தது அக்கவுண்டிங். கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர், பொருளாதார மந்தத்தில் வேலை போய், 1938-ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கடைசி வரை அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! ஆனால் ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்தவருக்கு எது முதலில் தேயும் என்று தெரியும். 1950-வாக்கில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடாரில் கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்குரூ போட்டுத்தான் முடுக்கினார். கழுத்து போனால் கழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது வருகிற மலிவு ஆம்ப்கள் பலவற்றில் ஜாக் நேராகச் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒயரை மிதித்தால் அந்த அதிர்ச்சி போர்டுக்கே போகும். அங்கே "போர்டு போயிடுச்சு" என்பது பல சமயம் உண்மையாகவும் ஆகிவிடும். வாங்கும்போது ஜாக்கின் கழுத்தில் உலோக நட் இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள். நட் பெட்டியைப் பிடித்திருந்தால் இழுப்பைப் பெட்டி வாங்கிக்கொள்ளும்.

மாமா இப்போது வாசிக்கிறாரா? வாசிக்கிறார். ஆனால் சினிமாவில் வருகிற மாதிரி முதல் நாளே அசத்திவிடவில்லை. இடது கை விரல் நுனியில் இருந்த காய்ப்பு ஆறு வருஷத்தில் கரைந்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு மேல் கம்பியை அழுத்த முடியவில்லை, தறியில் உட்கார்ந்தால் வேறு எரிகிறதாம். 'இளைய நிலா' நடுவில் இரண்டு இடத்தில் தடுக்குகிறது. தடுக்கிய இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பிக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது. மாமி மட்டும் "சவுண்ட கம்மி பண்ணுய்யா" என்கிறார்.

மிச்சம் இருக்கிற ஒரு 35 ரூபாய் ஜாக்கை ஒரு கவரில் போட்டு ஆம்ப்பின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். கூடவே எந்த ஒயர் எந்தக் கால் என்று ஒரு தாளில் படமும். இன்னும் இருபது வருஷம் கழித்து அது தேயும்போது, திறக்கிறவர் யாராக இருந்தாலும் தேட வேண்டாம்.

டிஸ்கி: உங்கள் ஊரில் யாராவது "மொத்தமா போயிடுச்சு" என்று சொன்னால், ஒயரை மாற்றிப் பாருங்கள், பக்கத்து ஓட்டையில் செருகிப் பாருங்கள், நட்டைக் கையால் திருகிப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் காசு கிடையாது. அதற்குப் பிறகு காயலான் கடைக்காரரைக் கூப்பிடலாம்.